எதிர்ப்பொருள் ஆய்வுகளின்வழி வயதுவாரித் தொற்று இறப்பு விகிதத்தை மதிப்பிடுதல்: கோவிட்-19 பெருந்தொற்றை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஒரு தொற்றுநோய் எத்துணைக் கொடியது என்னும் வினாவிற்கு விடை தருவது தொற்று இறப்பு விகிதம் ஆகும். நோய்க்குறி தோன்றாமலும் பரிசோதனைக்கு உட்படாமலும் தொற்றிலிருந்து மீண்டோர் பலராக இருக்கும்பொழுது, மருத்துவமனைப் பதிவுகளைக் கொண்டு இவ்விகிதத்தைக் கணக்கிட இயலாது. மக்கள்தொகையிலிருந்து எடுக்கப்பட்ட மாதிரியினரின் குருதியில் எதிர்ப்பொருள் உள்ளதா எனக் காணும் ஆய்வே இக்குறையை நிறைவுசெய்கின்றது. அவ்வாய்வின் முடிவிலிருந்து வயதுவாரி இறப்பு விகிதத்தைப் பெறும் படிநிலைகளையும், ஒவ்வொரு படியிலும் நேரக்கூடிய பிழைகளையும், அப்பிழைகள் விகிதத்தை எத்திசையில் திரிக்கின்றன என்பதையும் இக்கட்டுரை விளக்குகின்றது. ஸ்பெயின், ஜெனீவா, தமிழ்நாடு முதலிய இடங்களின் ஆய்வுகள் சான்றுகளாகக் கொள்ளப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: தொற்று இறப்பு விகிதம், எதிர்ப்பொருள், வயதுவாரிப் பகுப்பு, உணர்திறன், குறிப்புத்திறன், மிகை இறப்பு.

முன்னுரை

2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கோவிட்-19 உலகெங்கும் பரவியபொழுது, அதன் கொடுமை குறித்து முற்றிலும் முரண்பட்ட கருத்துகள் நிலவின. பருவக் காய்ச்சலை ஒத்ததே என்றனர் சிலர். நூற்றுவரில் ஐவரைக் கொல்லவல்லது என்றனர் வேறு சிலர். இரு சாராரும் எண்களையே சான்றாகக் காட்டினர். ஒரே நோய்க்கு இவ்வளவு வேறுபட்ட எண்கள் எவ்வாறு கிடைத்தன என்பது புள்ளியியல் நோக்கில் ஆராயத்தக்கது. இது வெறும் கணக்கியல் வினாவன்று. தடுப்பூசி முதலில் யாருக்கு, பள்ளிகளை மூடுவதா, முதியோரைத் தனித்துக் காப்பதா என்னும் முடிவுகள் யாவும் வயதுவாரி இறப்பு விகிதத்தைச் சார்ந்தே அமைந்தன. இந்தியாவில் 2021 மார்ச் 1 முதல் 60 வயதைக் கடந்தோருக்கும், இணைநோயுடைய 45 வயதைக் கடந்தோருக்கும் தடுப்பூசி விரிவாக்கப்பட்டது இவ்வடிப்படையிலேயே எனலாம்.

1. நோயாளர் இறப்பு விகிதமும் தொற்று இறப்பு விகிதமும்

இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிதல் முதற்படியாகும். பரிசோதனையில் உறுதிசெய்யப்பட்ட நோயாளருள் இறந்தோரின் பங்கு நோயாளர் இறப்பு விகிதம். தொற்றுக்கு ஆளான அனைவருள்ளும் இறந்தோரின் பங்கு தொற்று இறப்பு விகிதம். இரண்டிற்கும் மேலெண் ஏறத்தாழ ஒன்றே. வேறுபடுவது கீழெண் ஆகும்.

ஆந்திரப் பிரதேசம், தமிழ்நாடு ஆகிய இரு மாநிலங்களின் தொடர்பறிதல் தரவுகளைக் கொண்டு 2020இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு, நோயாளர் இறப்பு விகிதம் 5 முதல் 17 வயதினரிடம் 0.05 விழுக்காடாகவும், 85 வயதைக் கடந்தோரிடம் 16.6 விழுக்காடாகவும் இருந்ததைக் காட்டியது. வயதோடு இறப்பு கூடுவதை இவ்வெண்கள் தெளிவாக உணர்த்துகின்றன. எனினும் இவை உறுதிசெய்யப்பட்டோரை மட்டுமே கருத்தில் கொண்டவை. பரிசோதனை பரவலாகும்பொழுது இவ்விகிதம் குறையும், சுருங்கும்பொழுது கூடும். நோய் மாறாதிருக்க எண் மட்டும் மாறுமாயின், அவ்வெண் நோயின் இயல்பைக் காட்டுவதாகக் கொள்ள இயலாது.

தொற்றுக்கு ஆளானோரின் உடலில் ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குள் எதிர்ப்பொருள் உருவாகின்றது. நோய்க்குறி தோன்றாதோரிடமும் பெரும்பாலும் இது காணப்படும். ஆகவே மக்கள்தொகையின் சமவாய்ப்பு மாதிரி ஒன்றில் எதிர்ப்பொருள் உடையோரின் பங்கைக் கண்டறிந்து, அதனை மக்கள்தொகையால் பெருக்கினால் தொற்றுற்றோரின் எண்ணிக்கை கிடைக்கும். இதனை வயதுப் பிரிவுதோறும் தனித்தனியே செய்து, அவ்வப் பிரிவில் நிகழ்ந்த இறப்புகளை இதனால் வகுப்பதே வயதுவாரித் தொற்று இறப்பு விகிதம் காணும் முறையாகும். சொல்லுதற்கு எளிதாக உள்ள இம்முறையின் இரு எண்களும் பிழைக்கு இடம் தருவன.

2. கீழெண்ணில் நேரும் பிழைகள்

*2.1 மாதிரித் தெரிவு*

மாதிரி மக்கள்தொகையை ஒத்திருத்தல் வேண்டும். 2020 ஏப்ரலில் கலிபோர்னியாவின் சாண்டா கிளாரா மாவட்டத்தில் நடந்த ஆய்வு, சமூக ஊடக விளம்பரத்தின்வழிப் பங்கேற்பாளரைத் திரட்டியது. அண்மையில் காய்ச்சல் கண்டு, தமக்குத் தொற்று வந்ததா என அறிய விரும்பியோர் மிகுதியாக முன்வந்திருக்கக்கூடும் என்னும் ஐயத்தை அம்முறை எழுப்பியது. இதற்கு மாறாக, ஸ்பெயின் நாடு தழுவிய ஆய்வின் முதற்சுற்று (2020 ஏப்ரல் 27 – மே 11) வீடுகளைச் சமவாய்ப்பு முறையில் தெரிவுசெய்து 61,075 பேரை உட்படுத்தியது. அதில் எதிர்ப்பொருள் உடையோர் ஏறத்தாழ 5 விழுக்காட்டினர் எனக் கண்டறியப்பட்டது.

ஒரே நகரினுள்ளும் தொற்று சமமாகப் பரவுவதில்லை. 2020 சூலையில் மும்பையின் மூன்று வட்டங்களில் நடந்த ஆய்வில், குடிசைப் பகுதியினருள் 54.1 விழுக்காட்டினரிடமும், பிற பகுதியினருள் 16.1 விழுக்காட்டினரிடமும் எதிர்ப்பொருள் காணப்பட்டது. இவ்விரு பகுதிகளையும் உரிய அளவில் கலவாத எம்மாதிரியும் தவறான கீழெண்ணையே தரும்.

*2.2 சோதனையின் திறன்*

தொற்றுற்றவரை 'உண்டு' எனச் சரியாகக் காட்டும் ஆற்றல் உணர்திறன். தொற்றுறாதவரை 'இல்லை' எனச் சரியாகக் காட்டும் ஆற்றல் குறிப்புத்திறன். இரண்டும் முழுமையாக அமைந்த சோதனை எதுவும் இல்லை. இக்குறையைத் திருத்த 1978இல் ரோகன், கிளாடன் ஆகியோர் தந்த வாய்பாடு இன்றும் பயன்படுகின்றது:

உண்மைப் பங்கு = (கண்ட பங்கு + குறிப்புத்திறன் − 1) ÷ (உணர்திறன் + குறிப்புத்திறன் − 1)

ஓர் எடுத்துக்காட்டால் இதன் விளைவை அறியலாம். ஓர் ஊரில் 5 விழுக்காட்டினரிடம் எதிர்ப்பொருள் காணப்பட்டதாகவும், சோதனையின் உணர்திறன் 90 விழுக்காடு எனவும் கொள்வோம். குறிப்புத்திறன் 98 விழுக்காடாயின் உண்மைப் பங்கு 3.4 விழுக்காடு. 99.5 விழுக்காடாயின் 5.0 விழுக்காடு. அவ்வூரில் இலட்சம் பேருக்கு 30 பேர் இறந்திருப்பின், இறப்பு விகிதம் முதல் நிலையில் 0.88 விழுக்காடு, இரண்டாம் நிலையில் 0.60 விழுக்காடு. குறிப்புத்திறனில் ஒன்றரைப் புள்ளி வேறுபாடு, இறப்பு விகிதத்தை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு மாற்றிவிடுகின்றது. ஆனால் கண்ட பங்கு 40 விழுக்காடாக இருப்பின், அதே இரு குறிப்புத்திறன்களும் முறையே 43.2, 44.1 விழுக்காடு எனத் தரும். வேறுபாடு மிகச் சிறிது. ஆகவே தொற்று குறைவாகப் பரவிய இடத்தில் நடத்தப்படும் ஆய்வே சோதனைப் பிழையால் மிகுதியும் பாதிக்கப்படுகின்றது என்பது பெறப்படும்.

சாண்டா கிளாரா ஆய்வில் 3,330 பேருள் 50 பேரிடம் எதிர்ப்பொருள் காணப்பட்டது. அஃதாவது 1.5 விழுக்காடு. சோதனையின் குறிப்புத்திறன் 98.5 விழுக்காடாக இருந்திருப்பின், ஒருவர்கூடத் தொற்றுறாத நிலையிலும் இதே 50 பேர் கிடைத்திருப்பர். அவ்வாய்வு எழுப்பிய விவாதத்தின் மையம் இதுவே.

*2.3 எதிர்ப்பொருள் தேய்வு*

எதிர்ப்பொருளின் அளவு காலப்போக்கில் குறைகின்றது. இங்கிலாந்தில் நடந்த தொடராய்வில், எதிர்ப்பொருள் உடையோரின் பங்கு 2020 சூனில் 6.0 விழுக்காடாக இருந்து செப்டம்பரில் 4.4 விழுக்காடாகக் குறைந்தது. மாண்டவரால் மட்டும் இக்குறைவு நேர்ந்திருக்க வாய்ப்பில்லை. சோதனை கண்டறியும் எல்லைக்குக் கீழே எதிர்ப்பொருள் இறங்கியதே காரணமாகும். அலை ஓய்ந்து நெடுநாள் கழித்து நடத்தப்படும் ஆய்வு தொற்றுற்றோரைக் குறைத்துக் காட்டும். அதனால் இறப்பு விகிதம் மிகைப்படும்.

*2.4 வயதுக்கேற்ற பரவல்*

மக்கள்தொகை முழுமைக்குமான பரவல் விழுக்காட்டையே எல்லா வயதினருக்கும் பொருத்துதல் பரவலாகக் காணப்படும் பிழை. முதியோர் வெளியே செல்லாது காத்துக்கொண்டால் அவர்களிடம் தொற்று குறைவாக இருக்கும். 2020 அக்டோபர்–நவம்பரில் தமிழ்நாட்டின் அனைத்து மாவட்டங்களிலும் நடந்த ஆய்வில், மாநில அளவில் 31.6 விழுக்காட்டினரிடம் எதிர்ப்பொருள் காணப்பட்டது. 70 வயதைக் கடந்தோரிடம் அது 25.8 விழுக்காடாக இருந்தது. மாநிலப் பொதுவிழுக்காட்டை அம்முதியோருக்குப் பொருத்தினால் அவர்களுடைய இறப்பு விகிதம் உண்மையினும் ஏறத்தாழ 18 விழுக்காடு குறைவாகத் தோன்றும். இறப்பில் பெரும்பங்கு முதியோருடையதாதலின் இப்பிழை புறக்கணிக்கத்தக்கதன்று.

3. மேலெண்ணில் நேரும் பிழைகள்

இறப்பை எண்ணுதல் எளிது எனத் தோன்றலாம். எது 'கோவிட் இறப்பு' என்னும் வரையறையே நாட்டுக்கு நாடு வேறுபட்டது. 2020 ஆகத்தில் ஐக்கிய இராச்சியம், தொற்று உறுதியான 28 நாட்களுக்குள் நேர்ந்த இறப்புகளை மட்டும் கணக்கில் கொள்வதென முடிவுசெய்தபொழுது, அந்நாட்டின் மொத்த எண்ணிக்கையிலிருந்து 5,000க்கும் மேற்பட்ட இறப்புகள் ஒரே நாளில் நீங்கின. அதற்குச் சில வாரங்கள் முன்னர், 2020 சூலை 22 அன்று, விடுபட்டிருந்த 444 இறப்புகளைத் தமிழக அரசு தன் கணக்கில் சேர்த்தது.

இவ்விடர்ப்பாட்டிற்கு மாற்றாக அமைவது மிகை இறப்பு ஆகும். இயல்பான ஆண்டுகளில் எதிர்பார்க்கத்தக்க இறப்பைக் காட்டிலும் கூடுதலாக நிகழ்ந்தவை எத்தனை எனக் காண்பது இம்முறை. ஸ்பெயினில் முதியோர் இல்லங்களில் வாழ்வோர் நீங்கலான மக்களிடையே, உறுதிசெய்யப்பட்ட கோவிட் இறப்புகள் 19,228, மிகை இறப்புகள் 24,778 எனக் கணிக்கப்பட்டன. தொற்றுற்றோர் ஏறத்தாழ 23 இலட்சம். ஆகவே தொற்று இறப்பு விகிதம் முதல் கணக்கின்படி 0.8 விழுக்காடு, இரண்டாவதன்படி 1.1 விழுக்காடு. பதிவுமுறை வலுவாக அமைந்த நாட்டிலேயே இவ்வேறுபாடு காணப்படுவது நோக்கத்தக்கது.

காலப் பொருத்தமும் இன்றியமையாதது. தொற்றுக்கும் இறப்புக்கும் இடையே பொதுவாக மூன்று வாரங்களோ அதற்கு மேலோ கழிகின்றன. இறப்பு பதிவேட்டில் ஏற மேலும் சில நாட்களாகும். ஆய்வு நடந்த நாள்வரை நிகழ்ந்த இறப்புகளை மட்டும் கொண்டால், தொற்றுற்றுப் பின்னர் இறக்கவிருப்போர் விடுபட்டு விகிதம் குறையும். அலை வேகமாக ஏறும் காலத்தில் இப்பிழை பெரிது. அலை ஓய்ந்தபின் அது சிறுத்துவிடும்.

4. அரிய நிகழ்வும் வயதுக்கோடும்

இளவயதினரிடம் இறப்பு மிக அரிது. செருமனியின் காங்கெல்ட் ஊரில் நடந்த ஆய்வு தொற்று இறப்பு விகிதத்தை 0.36 விழுக்காடு எனக் கண்டது. அக்கணக்கின் அடிப்படை 7 இறப்புகள். பாய்சான் பரவலின்படி 7 என்னும் எண்ணிக்கைக்குரிய 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி ஏறத்தாழ 2.8 முதல் 14.4 வரை. இதனை மட்டும் கருதினாலே விகிதம் 0.14 முதல் 0.74 விழுக்காடு வரை எங்கும் அமையலாம். இவ்வெழுவரை வயதுவாரியாகப் பகுத்து முடிவு காண இயலாது என்பது வெளிப்படை.

5,06,765 மக்கள் வாழும் ஜெனீவா மாநிலத்தில் 286 இறப்புகளைக் கொண்டு செய்யப்பட்ட கணக்கீடு, தொற்று இறப்பு விகிதத்தை 20–49 வயதில் 0.0092 விழுக்காடு, 50–64 வயதில் 0.14 விழுக்காடு, 65 வயதிற்கு மேல் 5.6 விழுக்காடு என மதிப்பிட்டது. ஒட்டுமொத்த விகிதம் 0.64 விழுக்காடு. இளையோருக்கும் முதியோருக்கும் இடையே அறுநூறு மடங்கு வேறுபாடு உள்ளமையின், '0.64' என்னும் தனியெண் அவ்விரு சாராருள் எவருடைய இடரையும் உணர்த்துவதாக இல்லை.

பல இடங்களின் தரவுகளை ஒருங்கிணைத்து நோக்கியபொழுது ஓர் ஒழுங்கு புலப்பட்டது. 2020இல் லெவின் முதலியோர் வெளியிட்ட பகுப்பாய்வின்படி, விழுக்காட்டில் குறிக்கப்படும் இறப்பு விகிதத்தின் பத்தடிமான மடக்கை, வயதோடு நேர்கோட்டில் ஏறுகின்றது:

மடக்கை (இறப்பு விகிதம்) = −3.27 + 0.0524 × வயது

இதன்படி விகிதம் 10 வயதில் 0.002 விழுக்காடு, 55 வயதில் 0.4, 65 வயதில் 1.4, 75 வயதில் 4.6, 85 வயதில் 15 விழுக்காடு என அமைகின்றது. வயது ஏறத்தாழ 5.7 ஆண்டு கூடுந்தோறும் இடர் இரட்டிக்கின்றது. 19 ஆண்டு கூடினால் பத்து மடங்காகின்றது. மழலைப் பருவத்திற்கு இக்கோடு முற்றும் பொருந்துவதில்லை. 'நேச்சர்' இதழில் வெளியான 45 நாடுகளின் தரவாய்வு, மிகக் குறைந்த இடர் 5 முதல் 9 வயதினருக்கே எனக் காட்டியது. பாலும் இதில் இடம்பெறுகின்றது. ஸ்பெயினில் 80 வயதைக் கடந்த ஆண்களின் இறப்பு விகிதம் 11.6 முதல் 16.4 விழுக்காடு வரையிலும், அவ்வயதுப் பெண்களுடையது 4.6 முதல் 6.5 விழுக்காடு வரையிலும் மதிப்பிடப்பட்டன.

5. இடங்களை ஒப்பிடுதல்: ஸ்பெயினும் தமிழ்நாடும்

தமிழ்நாட்டில் 2020 நவம்பர் இறுதிக்குள் ஏறத்தாழ 2.26 கோடிப் பேர் தொற்றுற்றிருந்தனர் என மேற்குறித்த மாநில ஆய்வு மதிப்பிட்டது. அதிலிருந்து பெறப்பட்ட தொற்று இறப்பு விகிதம் 0.052 விழுக்காடு. ஸ்பெயினின் 0.8 அல்லது 1.1 விழுக்காட்டோடு ஒப்பிட்டால், 15 முதல் 21 மடங்கு குறைவு. தமிழ்நாட்டில் நோய் அத்துணை மென்மையாக இருந்ததா?

முதலில் வயதமைப்பைக் கருதுவோம். வயதுவாரி விகிதம் முற்றிலும் ஒன்றாக அமைந்த இரு கற்பனை ஊர்களைக் கொள்வோம். 30 வயதிற்கு உட்பட்டோர், 30–49, 50–64, 65–79, 80 வயதைக் கடந்தோர் என்னும் ஐந்து பிரிவுகளுக்கும் இறப்பு விகிதம் முறையே 0.005, 0.07, 0.5, 3, 15 விழுக்காடு என்க. தொற்று எல்லா வயதினரிடமும் சமமாகப் பரவியதாகவும் கொள்க.

- இளைய ஊரில் அவ்வைந்து பிரிவினரின் பங்கு 50, 30, 13, 6, 1 விழுக்காடு. ஒட்டுமொத்த இறப்பு விகிதம் 0.42 விழுக்காடு.
- முதிய ஊரில் அப்பங்கு 30, 28, 22, 14, 6 விழுக்காடு. ஒட்டுமொத்த இறப்பு விகிதம் 1.45 விழுக்காடு.

ஒவ்வொரு வயதினருக்கும் நோய் ஒரே அளவில் கொடியதாக இருந்தும், ஒட்டுமொத்த விகிதம் மூன்றரை மடங்கு வேறுபடுகின்றது. வயதமைப்பின் வேறுபாடு எத்துணை ஆற்றல் வாய்ந்தது என்பதை இது காட்டுகின்றது. அதேவேளை, வயதமைப்பு மட்டும் 15 மடங்கு வேறுபாட்டை விளக்கப் போதாது என்பதையும் இதனால் அறியமுடிகின்றது. இக்கற்பனை அளவை ஏற்றால் இன்னும் நான்கு முதல் ஆறு மடங்கு எஞ்சுகின்றது.

எஞ்சியதற்குக் காரணம் எது? எதிர்ப்பொருள் தேய்வு அன்று. அலையின் உச்சத்திற்குப் பின் நடந்த ஆய்வில் தேய்வு இருப்பின், உண்மையில் தொற்றுற்றோர் இன்னும் மிகுதி. அதனால் விகிதம் மேலும் குறையுமேயன்றிக் கூடாது. சோதனைப் பிழையும் 30 விழுக்காட்டை ஒட்டிய பரவலில் பெரிய மாற்றத்தைச் செய்யாது. முதியோரிடம் தொற்று குறைந்திருந்தமை ஒரு சிறு பங்கை விளக்கும். மேலெண்ணில் விடுபட்ட இறப்புகளே பெரிதும் ஆராயவேண்டியவை. இறப்பு பதிவாதல் வேறு, அதன் காரணம் கோவிட் எனக் குறிக்கப்படுதல் வேறு. பரிசோதனைக்கு முன்பே வீட்டில் இறந்தோர், இதயநோய் அல்லது மூச்சுத்திணறல் எனக் காரணம் எழுதப்பட்டோர் ஆகியோர் இக்கணக்கில் இடம்பெறுவதில்லை. 2020, 2021 ஆகிய ஈராண்டுகளுக்கும் சேர்த்து இந்தியாவின் மிகை இறப்பு ஏறத்தாழ 47 இலட்சம் என 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அரசுக் கணக்கு 5 இலட்சத்திற்கும் குறைவு. இம்மதிப்பீட்டு முறையை இந்திய அரசு ஏற்கவில்லை. நாடு தழுவிய அவ்வெண்ணைத் தமிழ்நாட்டின் 2020ஆம் ஆண்டிற்கு அப்படியே பொருத்துதலும் முறையாகாது. எனினும் மேலெண்ணைச் சரிபாராது விகிதத்தை மட்டும் எடுத்தாளுதல் எவ்வளவு இடர் மிக்கது என்பதற்கு இது சான்றாகும்.

மரபியல் இயல்பு, முன்னரே வந்த வேறு தொற்றுகளால் பெற்ற தடுப்பாற்றல் ஆகியவற்றை இவ்வேறுபாட்டிற்குக் காரணமாகக் கூறுவோர் உளர். அவற்றை மறுப்பதற்கில்லை. வயதமைப்பு, விடுபட்ட இறப்பு, வயதுவாரிப் பரவல் ஆகிய மூன்றையும் திருத்திய பின்னும் ஒரு வேறுபாடு எஞ்சுமாயின், அதற்கே அவ்வகை விளக்கம் தேவைப்படும். திருத்தும் முன்னரே விளக்கம் தேடுதல் ஆய்வு நெறிக்கு ஒவ்வாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன.

- நோயாளர் இறப்பு விகிதம் பரிசோதனையின் அளவைச் சார்ந்து மாறுவது. நோயின் கொடுமையை அறியத் தொற்று இறப்பு விகிதமே ஏற்றது. அதற்குச் சமவாய்ப்பு மாதிரியில் அமைந்த எதிர்ப்பொருள் ஆய்வு அடிப்படையாகும்.
- குறைந்த குறிப்புத்திறனைத் திருத்தாமை, இறப்பு விடுபடல், காலப் பொருத்தமின்மை ஆகியவை விகிதத்தைக் குறைத்துக் காட்டும். எதிர்ப்பொருள் தேய்வு மிகுத்துக் காட்டும். பிழையின் அளவை அறிய இயலாதபொழுதும் அதன் திசையை அறிந்து கூறுதல் ஆய்வாளர் கடமையாகும்.
- கோவிட்-19இன் தொடக்க அலையில் இறப்பு இடர் வயதோடு அடுக்குக்குறி முறையில் ஏறியது. ஆகவே ஒரு நாட்டிற்கு ஒரே எண் என்பது அந்நாட்டின் வயதமைப்பையும் நோயின் கொடுமையையும் பிரித்தறிய முடியாதவாறு கலந்துவிடுகின்றது.
- இரு இடங்களை ஒப்பிடுமுன் வயதுவாரி விகிதங்களை ஒப்பிடுதல் வேண்டும். அதற்குமுன் இரு இடங்களிலும் இறப்பு எவ்வாறு எண்ணப்பட்டது என அறிதல் வேண்டும்.

எதிர்ப்பொருள் ஆய்வு கணக்கில் வராத தொற்றாளரை வெளிக்கொணர்கின்றது. கணக்கில் வராத இறப்பை அது வெளிக்கொணர்வதில்லை. முன்னதை மட்டும் திருத்திப் பின்னதை விட்டுவிட்டால் கிடைக்கும் சிறிய எண், நோயின் மென்மையைக் காட்டுவதாகத் தோன்றினும், பதிவேட்டின் குறையையே காட்டுவதாக அமையக்கூடும். வயது, பால், காரணம் ஆகியவற்றுடன் கூடிய இறப்புப் பதிவை ஊர்தோறும் செம்மைப்படுத்துதல், அடுத்த பெருந்தொற்றுக்கு முன் செய்யத்தக்க ஆயத்தங்களுள் தலையாயது என இக்கட்டுரை கருதுகின்றது.